வாசகர் கேள்வி – பதில்: நம்ம ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியரும் நிதியும் கேட்டு வாங்குவது எப்படி?

அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி, ஆசிரியர், கட்டடம் கேட்டு ஊர் மக்கள் எப்படி இயங்கலாம் என்று வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக்களோடும் தகவல் உரிமைச் சட்டத்தோடும் தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதியவை இவை.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 54 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர் இருந்த இடத்தில் ஒரு வருஷமாக ஒருவர்தான். ஐந்து வகுப்பையும் அவரே ஒரே அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்கிறார். மாவட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடலாம் என்கிறார்கள் ஊரில். செய்யலாமா? – வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். அந்த இரண்டாவது ஆசிரியர் ஏன் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘ஆசிரியர் இல்லை’ என்று ஊரில் பொதுவாகச் சொன்னாலும், அலுவலகக் கணக்கில் அது மூன்று வெவ்வேறு நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, காலிப் பணியிடம். இருந்தவர் ஓய்வு பெற்றார் அல்லது மாறுதலில் போனார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. இது மாறுதல் கலந்தாய்விலோ புதிய நியமனத்திலோதான் நிரம்பும். அதுவரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்த அரசு அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, மாற்றுப்பணி. ஆசிரியருக்குச் சம்பளம் உங்கள் பள்ளியின் பேரில், வேலை மட்டும் வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ. இங்கே காலியிடம் என்று மனு எழுதினால், ‘காலிப் பணியிடம் ஏதும் இல்லை’ என்று உண்மையான பதிலே வரும், உங்கள் கோரிக்கையும் அதோடு முடிந்துபோகும். கேட்க வேண்டியது அந்த மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்யச் சொல்லித்தான். மூன்று, நீண்ட விடுப்பு. அரசு ஊழியருக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. அது அவருடைய உரிமை. அந்த ஓராண்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பக் கேட்க வேண்டும்.

எந்த நிலை என்று தலைமை ஆசிரியரைக் கேட்டாலே தெரியும். எழுத்தில் வேண்டுமென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன் ஆசிரியர் போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் கிடைப்பது அரிது. ஆவணத்தைக் கேளுங்கள்: ஆகஸ்ட் 1 நிலவரப்படி உங்கள் பள்ளிக்கு நிர்ணயிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்று பணியில் இருப்பவர் எத்தனை, காலியான தேதி என்ன, மாற்றுப்பணி ஆணை இருந்தால் அதன் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

இனி சட்டம். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனி. பிரிவு 26, ஒரு பள்ளியின் மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. இரண்டே பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலியென்றால் அது 50 சதவீதம். மனுவில் இந்தக் கணக்கை ஒரே வரியில் எழுதுங்கள். அரைப் பக்கம் ஆதங்கத்தை எழுதுவதைவிட அந்த வரிதான் கோப்பில் நிற்கும்.

ஆசிரியர் விஷயத்தில் முதல் அலுவலகம் வட்டாரக் கல்வி அலுவலர், அடுத்தது மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). அதற்கு மேல்தான் முதன்மைக் கல்வி அலுவலர். நேராக மேலே கொடுத்தால் மனு மறுபடி கீழே வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகிவிடும். ஒரே மனுவை வட்டாரத்துக்கு முகவரியிட்டு, மற்ற இருவருக்கும் நகல் போடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வராதீர்கள். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் பிரிவு 32 இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு சரியில்லை என்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம்.

பள்ளிப் புறக்கணிப்பு ஏன் வேண்டாம் என்கிறோம்? பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. ஜூன், ஜூலையில் போராட்டம் என்று ஆரம்பித்து, பத்துப் பதினைந்து பெற்றோர் பொறுக்க முடியாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விட்டால், எண்ணிக்கை சரியும். சரிந்த எண்ணிக்கைதான் அடுத்த பணிநிரவலில் (உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றும்போது) பேசும். இருக்கிற பணியிடமே உபரி என்று வேறு ஊருக்குப் போய்விடும். எதிர்ப்பைக் காட்டத்தான் வேண்டும் என்றால் பெரியவர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் முன் உட்காருங்கள், பிள்ளைகள் வகுப்பில் இருக்கட்டும். இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் பள்ளியில் இப்போது 54. இன்னும் ஏழு பிள்ளைகள் சேர்ந்தால் 61, மூன்றாவது ஆசிரியருக்கே சட்டப்படி உரிமை வருகிறது. ஊரில் இருந்துகொண்டு வெளியே படிக்கிற பிள்ளைகளின் பட்டியலைக் கோடை விடுமுறையிலேயே எடுத்து வீடுவீடாகப் போய் வாருங்கள்.

கேள்வி: பழைய ஓட்டுக் கட்டடம், உத்தரத்தில் விரிசல். கல்வித் துறைக்கு எழுதினால் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில். – வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

உங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால், கட்டடம் கல்வித் துறையின் பொறுப்பில் இல்லை, ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத வேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் அந்த அமைப்பின் பொறியியல் பிரிவு. பலர் மாதக்கணக்கில் காத்திருப்பது இந்த ஒரு இடத்தில் சறுக்குவதால்தான்.

மனுவில் ‘புதுக் கட்டடம் வேண்டும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து பார்த்து, கட்டடத்தின் உறுதி குறித்துச் சான்று தர வேண்டும்’ என்று கேளுங்கள். அந்தச் சான்று இல்லாமல் இடிக்கவும் முடியாது, புதியதற்கு மதிப்பீடு போடவும் முடியாது. தலைமை ஆசிரியர் நினைத்தாலும் ஓர் ஓட்டைக்கூடத் தன் பொறுப்பில் இறக்க முடியாது. பொறியாளர் வரும்வரை அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது, பக்கத்தில் விளையாடவும் விடக் கூடாது. கயிறோ முள்வேலியோ கட்டி மறித்துவிட்டு, அதையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாக எழுதுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. விரிசல் விட்ட உத்தரத்துக்கு அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் கிடையாது.

புதுக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்டால், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்), நாடாளுமன்ற உறுப்பினர் நிதி (ஆண்டுக்கு 5 கோடி) ஆகியவற்றைக் கேட்கலாம். மூன்றிலும் இடம் யாருடையது என்ற கேள்வி முதலில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டு (நிலப் பதிவேடு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லை அளக்கப்படாததால் நிதி ஒதுக்கியும் சுற்றுச்சுவர் எழும்பாமல் நிற்கிற பள்ளிகள் ஏராளம்.

கேள்வி: பள்ளி மானியம் வருகிறது என்கிறார்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யம்தான் இருக்கிறது. பணம் எங்கே போகிறது? – பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

பூஜ்யம் என்பதால் பணம் இல்லை என்றோ யாரோ எடுத்துவிட்டார்கள் என்றோ முடிவு கட்ட வேண்டாம். 2021-க்குப் பிறகு ஒன்றிய அரசுத் திட்டங்களின் பணம் மாநில அளவில் ஒரே மையக் கணக்கில் இருக்கிறது. பள்ளியின் கணக்கு இருப்பு இல்லாத துணைக் கணக்கு. உங்களுக்கு இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு தரப்படும், கட்டண ஆணை ஏறும்போதுதான் பணம் மையக் கணக்கிலிருந்து நகரும். ஆகவே பார்க்க வேண்டியது வங்கிப் புத்தகத்தை அல்ல, வரம்பு ஒதுக்கிய ஆணையை. அதன் நகல் தலைமை ஆசிரியரிடம் இருக்கும். இல்லையென்றால் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நெறிமுறைப்படி ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிகளுக்கு. விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 வரை தனி. முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே 15,000 ரூபாய் நிற்பதைக் கவனியுங்கள். பெயர் பதியாமல் விடுபட்ட ஒரே ஒரு குழந்தையால் பள்ளி அந்தத் தொகையை இழக்கலாம்.

பணம் தாமதமாக வந்து, மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக வாங்கப்படும் பொருள்களில்தான் தவறு நடக்கிறது. என்ன வாங்குவது என்பதை அக்டோபர் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால், வரம்பு வந்த அன்றே செலவு செய்யலாம். பயன்படுத்தாத வரம்பு ஆண்டு முடிவில் போய்விடும்.

கேள்வி: நான் குழுத் தலைவி. கூட்டம் என்றால் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் எனக்கு என்ன அதிகாரம்? – வாசகி, விழுப்புரம் மாவட்டம்

கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 21 படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது – இவை குழுவின் சட்டப்படியான வேலைகள். கணக்கைக் கேட்பது தலைமை ஆசிரியரைச் சந்தேகப்படுவதாகாது. நல்ல தலைமை ஆசிரியருக்கு அது பெரிய பலம். அலுவலகத்தில் அவர் தனியாகக் கேட்டு நடக்காத காரியம் குழுத் தீர்மானத்தோடு போனால் நடக்கும்.

பிரிவு 22 சொல்லும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இங்கே பலரும் படிவம் நிரப்பும் வேலையாகவே நினைத்துவிட்டார்கள். உங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று சட்டப்படி பதியப்படும் ஆவணம் அதுதான். மூன்று ஆண்டுக்கான திட்டம், அதற்குள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உட்பிரிவு. வகுப்புவாரியாக எதிர்பார்க்கும் பிள்ளைகள், தேவைப்படும் கூடுதல் ஆசிரியர், அறை, கழிப்பறை, தளவாடம், அதற்கான பணம் எல்லாம் அதில் வர வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் மாவட்டத் திட்டம் தொகுக்கப்பட்டு மாநிலத்துக்கும், பிறகு டெல்லியில் திட்ட ஒப்புதல் குழுவுக்கும் போகிறது. பிப்ரவரியில் கொடுக்கிற நல்ல மனுவைவிட நவம்பரில் கொடுக்கிற சுமாரான திட்டம் மேல்.

தீர்மானம் எழுதும் முறையைச் சற்று மாற்றுங்கள். ‘கழிப்பறை வசதி செய்து தர வேண்டுகிறோம்’ என்ற வரியை எந்த அலுவலராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘பெண் பிள்ளைகள் 38 பேருக்கு இரண்டு கழிப்பறை. ஒன்றில் பீங்கான் உடைந்து மூடப்பட்டுள்ளது. மற்றதில் மோட்டார் எரிந்துபோனதால் ஜூலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் மாற்றுவது, உடைந்ததைச் சரிசெய்வது, தொட்டியிலிருந்து உள்ளே குழாய் இழுப்பது ஆகிய மூன்றையும் இந்தக் குழு கோருகிறது.’ பள்ளிக் கழிப்பறை பெரும்பாலும் பாழாவது கட்டடத்தால் அல்ல, தண்ணீர் உள்ளே வராததால். அடுத்த காரணம் தூய்மைப் பணியாளர். அவருக்கான ஊதியம் உள்ளாட்சி வழியே வருவது. அது எத்தனை மாதமாக நிலுவை என்று அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

இதோடு கட்டாயம் பார்க்க வேண்டியது யூடைஸ் (நாட்டின் பள்ளிகள் பற்றிய அரசுத் தரவுத்தளம்) பதிவு. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். அந்த எண்ணைப் போட்டால் பள்ளியின் அறிக்கை அட்டையை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் மொத்தக் கழிப்பறை எத்தனை, பயன்பாட்டில் உள்ளவை எத்தனை என்று தனித்தனியே இருக்கும். மூடிக்கிடக்கும் கழிப்பறையும் ‘பயன்பாட்டில்’ என்று பதிவாகியிருந்தால், மேலே இருப்பவர்கள் கண்ணில் உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை. பிறகு எத்தனை மனு போட்டாலும் ‘ஏற்கெனவே வசதி உள்ளது’ என்றுதான் வரும். அடுத்த பதிவேற்றத்துக்கு முன் குழு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் நேரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள், ஏறியதா என்று கைப்பேசியில் பாருங்கள். குறிப்பேட்டில் மட்டும் உள்ள தீர்மானம் பள்ளி வாசலைத் தாண்டாது. அதே தீர்மானத்தை அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் வையுங்கள். இரண்டு தேதியும் டிசம்பருக்கு முன் வருவது உங்களுக்கு வசதி.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘வளர்ச்சி நிதி’ 500 ரூபாய் கேட்கிறார்கள். அரசுப் பள்ளிதான். – வாசகர், சேலம்

எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. விரும்பித் தருவது வேறு, கேட்டு வாங்குவது வேறு. விரும்பிக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள், குழுக் கூட்டத்தில் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். தராததற்காகப் புத்தகமோ மாற்றுச் சான்றிதழோ நிறுத்தப்பட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் புகார் செய்யலாம். பல பள்ளிகளில் இந்த வசூல் நடப்பது மானியம் நேரத்துக்கு வராமல், சுண்ணக்கட்டிக்கும் மின்கட்டணத்துக்கும் ஆசிரியர்கள் கைக்காசைப் போடுவதால். அதனால் வசூலைக் கண்டிக்கும் அதே கூட்டத்தில் மானியம் எப்போது வந்தது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துப் பெற்றோர் சிலர் சேர்ந்து, மாநில அளவில் கல்வி நிதி பற்றிப் பேச நினைக்கிறோம். மத்திய அரசு பணம் தரவில்லை, மாநிலம் ஒதுக்கவில்லை என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது? – வாசகர்கள், தஞ்சாவூர்

மாநில அரசின் பணம் முதலில். பள்ளிக் கல்வித் துறைக்கு 2023-24-இல் 40,299 கோடி, 2024-25-இல் 44,042 கோடி, 2025-26-இல் 46,767 கோடி ரூபாய் ஒதுக்கீடு. எண் ஏறுகிறது. ஆனால் இதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போவது, போகவும் வேண்டும். ஆகவே மொத்தத் தொகையை வைத்து மேடையில் பேசிப் பயனில்லை. மானியக் கோரிக்கை எண் 43-ஐ (நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கான பகுதி) எடுத்து, 4202 என்ற கணக்குத் தலைப்பைப் பாருங்கள். கட்டடம் போன்ற மூலதனச் செலவு அங்கே வரும். 2202 நடைமுறைச் செலவு, அதில் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. ஒவ்வொரு வரிக்கும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் இருக்கும். மதிப்பீட்டில் பெரிதாகப் போட்டு, திருத்திய மதிப்பீட்டில் குறைத்திருக்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகள் அங்கே இருக்கின்றன. மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே உங்கள் தொகுதி உறுப்பினர்களிடம் அந்த வரிகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் கொடுங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரு தரப்புக்கும் கொடுங்கள்.

ஒன்றிய அரசின் பணம் வேறு கதை. சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, 2024-25-க்கான ஒன்றியப் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கான இலவசச் சேர்க்கையும் அந்த ஆண்டு நின்றது. அதை எதிர்த்துத் தொடர்ந்த பொதுநல வழக்கில், கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைத் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைக்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. அக்டோபரில் அந்தப் பகுதித் தொகை வந்து சேர்க்கை தொடங்கியது. மக்கள் கேட்டதால் ஒரு கதவு திறந்தது, ஆனால் பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து. அதற்குள் பல பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த வேலை நின்றது என்று பள்ளிவாரியாக எடுப்பது. திட்ட ஒப்புதல் குழுவின் கூட்டக் குறிப்புகள் மாநிலவாரியாக ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் தளத்தில் வெளியாகின்றன. ஒப்புதல் தந்த இனம், விடுவித்த தொகை, பள்ளிக்கு வந்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழி எந்தக் கட்டத்தில் யாருடையது என்று தெரிந்துவிடும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பயிற்றுநர்களின் ஊதியத்தை முதலில் பாருங்கள். நிதி நின்றால் முதல் அடி அங்கேதான் விழுகிறது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் சேர்த்துக் கத்த முடியாதவர்கள்.

கேள்வி: குழுக் கூட்டம் வேலை நாளில் மதியம் நடக்கிறது. கூலி வேலைக்குப் போகிற பெற்றோர் யாருமே வர முடிவதில்லை. – வாசகி, தென்காசி மாவட்டம்

நேரத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போடுங்கள். பள்ளி முடிகிற நேரத்தை ஒட்டி வைத்தால், பிள்ளையை அழைக்க வருகிறவர்களாவது இருப்பார்கள். அதுவரை, வர முடியாத உறுப்பினர் தன் கோரிக்கையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இன்னொரு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பலாம், அதைக் கூட்டத்தில் படித்துக் குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் நடக்காத நாளில், நடந்ததாக எழுதிய குறிப்பேட்டில் மட்டும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.